ஊஞ்சல் கொக்கியில் ஒரு பூட்டு

3 ஜூன் 2025, செவ்வாய்

பேத்தியின் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைக் கையில் எடுத்து இன்றோடு இரண்டு மாதம். அம்மா கடைசி நான்கு வருடம் என் பெயரையே மறந்திருந்தார், அந்தப் பயம் எனக்குள் இருக்கிறது. படித்தால் மறதி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, தெரியும். ஆனால் விடியற்காலை ஒரு மணி நேரம் கணக்கோடு மல்லுக்கட்டினால் அன்று முழுக்கத் தலை தெளிவாக இருக்கிறது. ஐந்து வருடம் குறுக்கெழுத்து போட்டேன், அதில் தெரிந்த சொல்லைத்தான் தேடுகிறோம்.

5 ஜூன், வியாழன்

இன்றைய பாடம் தனி ஊசல்: நூலில் கனத்தைக் கட்டி ஆடவிட்டால், நீளத்தையும் ஆடும் நேரத்தையும் வைத்துப் பூமியின் ஈர்ப்பைக் கணக்கிடலாம். ஊஞ்சலைக் கழற்றி, கூடத்துக் கொக்கியில் தூண்டில் நரம்பைக் கட்டி, பழைய பித்தளைப் பூட்டை மாட்டினேன். நரம்பு 96 செ.மீ. ஃபேனை நிறுத்தி, தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் காற்றுக்கு ஜன்னலையும் சாத்திவிட்டு வியர்க்க வியர்க்க எண்ணினேன். 20 அலைவுக்கு (போய்த் திரும்பினால் ஓர் அலைவு) 40.2 விநாடி, நாலு தடவையும் ஏறக்குறைய அதேதான். புவியீர்ப்பு முடுக்கம், அதாவது கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடுகிற அளவு, 9.4 என்று வருகிறது, 9.8 அல்லவா வரவேண்டும்! பெருக்கலில் தப்பில்லை.

"என்ன ஆயா, ஊஞ்சலுக்குப் பதிலா பூட்டு ஆடுது?" என்றாள் பேத்தி. விடையைக் கேட்டுச் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

6 ஜூன், வெள்ளி

பிடிபடவில்லை.

7 ஜூன், சனி

பிடிபட்டது! வாசல் தெளிக்க வாளியைத் தூக்கி நடந்தபோது கை தானாக நின்றது. பிடி மேலே இருக்கிறது, கனமெல்லாம் கீழே தண்ணீரில். பூட்டும் அப்படித்தானே, நான் நரம்பு முடிகிற இடம்வரைதான் அளந்திருக்கிறேன். ஓடிப்போய்ப் பூட்டின் நடுவுக்கு அளந்தேன், இன்னும் 4 செ.மீ. மொத்தம் 100. அதே 40.2 விநாடிக்கு 9.77 வந்தது. வாளி வாசலிலேயே கிடந்தது.

9 ஜூன், திங்கள்

1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், தென் அமெரிக்காவின் கயேன் ஊருக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளைக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு 9.78, துருவத்தில் 9.83. கடலூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், இங்கே 9.78தான். என் பூட்டு அவ்வளவு கிட்டே போயிருக்கிறது!

மாடிப்படி இடைவெளியில் 4 மீட்டர் தொங்கவிட இடமிருக்கிறது. ஓர் அலைவுக்கு 4 விநாடி ஆகும், நேரம் எடுக்கச் செல்போனை முன்னே பின்னே அழுத்துகிற பிழையின் பங்கு பாதியாகிவிடும். நீளமான நரம்புக்கு நாளைக்கு முதுநகர் போகவேண்டும்.