ஓபரா மேடையிலிருந்து கேமரா முன்னால்: பக்கலோனியின் தொழில்

இத்தாலிய நகைச்சுவை ஓபராக்களில் (பாட்டாலேயே நடக்கும் நாடகங்களில்) 'பாஸ்ஸோ புஃபோ' என்றொரு வேடவகை உண்டு. கட்டைக் குரலில் பாடும், பெரும்பாலும் ஏமாந்துபோகும் கிழவர் வேடம். ரோமில் 1900இல் பிறந்த சால்வத்தோரே பக்கலோனி, 1922இல் 'தி பார்பர் ஆஃப் செவில்' ஓபராவில் வரும் கிழவர் டாக்டர் பார்த்தோலோவாக மேடையேறினார். நகைச்சுவை வேடங்களையே பிடித்துக்கொள்ளும்படி அவரிடம் சொன்னவர் இசை நடத்துநர் தொஸ்கானினி. 1940 முதல் 1962 வரை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் பாடினார். அந்த மேடையை விடாமலேயே 1956இல் 'ஃபுல் ஆஃப் லைஃப்' படத்தில் நடிகை ஜூடி ஹாலிடேயின் மாமனாராக, கொத்துவேலை தெரிந்த இத்தாலியக் கிழவராக நடித்தார். 'மெரி ஆண்ட்ரூ', 'ஃபேனி' போன்றவை பிறகு வந்தன.

ஓபரா பாடகருக்கு நடிப்பு வராது என்று சொல்வது தவறு. அளவுதான் அவருக்குச் சிக்கல். மெட்ரோபாலிட்டனின் பழைய அரங்கில் 3,600 பேர் உட்கார முடிந்தது, மைக் கிடையாது. வாத்தியக் குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸை ஒட்டித் திரண்டு நிற்கும். அதைத் தாண்டிக் கேட்க, பாடகர்கள் குரல்வளையைத் தாழ்த்தி, அதன் மேல்பக்கத் திறப்பைக் குறுக்கி, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கணீர்த்தன்மையை உண்டாக்குகிறார்கள். தலைக்கு மேலே மைக் தொங்கும் படப்பிடிப்பில் அதே கணீர் வந்தால், "காபி குடிக்கிறியா?" என்பதுகூட அறிவிப்பாகிவிடும். குரலை மட்டும் குறைத்தால் போதாது. குரல்வளை தாழ்ந்தே இருந்து உயிரெழுத்துகளும் நீண்டால், அது மெதுவாகப் பாடியது போலவே கேட்கும். உயிரெழுத்தைப் பேச்சின் நீளத்துக்கு வெட்ட வேண்டும். அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

அடுத்தது கண். மேடையில் பாதிக் கவனம் எப்போதும் முன்னால் நிற்கும் இசை நடத்துநரிடம் இருக்கும். கேமரா முன்னால் அந்தப் பழக்கம் லென்ஸைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது போலத் தெரியும். எதிரே நிற்பவரின் இரண்டு கண்களில், கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றை மட்டும் பார்ப்பதுதான் இதற்கு வழி.

புஃபோ பாடகர் கொண்டுவரும் சொத்தோ பெரியது. ஹார்ப்சிகார்ட் என்னும் பழைய விசைப்பலகை வாத்தியத்தின் சில சுரங்கள் மட்டும் துணையாக, பேச்சு வேகத்தில் உரையாடும் 'ரெசிடேட்டிவ்' பகுதிகளில், எங்கே நிறுத்துவது, எதிராளியின் சொல்லை எங்கே வெட்டுவது என்பதைப் பாடகரே முடிவு செய்கிறார். நகைச்சுவை வசனத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. பார்த்தோலோ கோபத்தில் கொட்டும் வேகப்பாட்டும் அப்படித்தான். மெய்யெழுத்துகளை உதட்டிலும் நாக்கு நுனியிலும் முடித்துவிட வேண்டும். எழுத்துக்கு எழுத்து தாடை ஆடினால் தாளம் பின்தங்கும். இதில் தேறியவர் எவ்வளவு வேகமாகத் திட்டினாலும் ஒரு சொல்கூடக் கரையாது.

'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் பாட்டு வாத்தியாராக வந்த ஃபோர்ச்சூனியோ போனனோவாவும் முன்னாள் பாரிட்டோன்தான், அதாவது நடுத்தர ஆண் குரலில் பாடும் ஓபரா பாடகர். அந்த வேடத்துக்கு ஓபராவின் மிகையே வேண்டியிருந்தது. ஆனால் பாடகரை இப்படிப்பட்ட வேடங்களுக்கு மட்டும் கூப்பிடும் இயக்குநர் பாதித் திறமையை வீணாக்குகிறார். பாட்டோடு தொடர்பில்லாத ஒரு மாமனார் வேடம் பக்கலோனிக்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்று பாருங்கள்.

படத்தில் பாட்டு வந்தால், பதிவு செய்த ஒலிக்கு உதடு மட்டும் அசைக்கக் கூடாது. விலா விரியாது, கழுத்து நரம்பு தெரியாது, பார்ப்பவருக்குப் பொய் புரிந்துவிடும். உரக்கவே பாட வேண்டும். மூச்சையும் பதிவில் எடுத்த அதே இடத்தில்தான் எடுக்க வேண்டும்.