கேட்டுக்கு வெளியே நிற்கும் கார்கள்

காலையில் ஸ்கூல் வேன் நடுரோட்டில்தான் நின்றது. ஓரத்தில் ஏது இடம்? எங்கள் அபார்ட்மெண்ட் வாசலை ஒட்டி வரிசையாகக் கார்கள்.

பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து வந்தார். பையன் பானெட் உயரம்கூட இல்லை. பைக்கில் வந்தவருக்குக் கடைசி நொடியில் தெரிந்தது அவன் பையின் நீலப் பட்டை மட்டும்தான். பிரேக் சத்தத்தில் பாட்டி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

இது தண்டையார்பேட்டை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் பைக்கும் ஆட்டோவும் எங்கள் தெருவுக்குள்தான் பாயும்.

நடைபாதையிலோ, கட்டட வாசலை மறித்தோ வண்டி நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுநர் விதிகளே சொல்கின்றன. போலீஸ் வந்து அபராதம் போடும்வரை காத்திருக்க வேண்டுமா?

எனக்கு ஆத்திரமே வேறு. கீழே பார்க்கிங்கில் பழைய கட்டிலும் பீரோவும் கிடக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுடைய கார்கள்தான் வெளியே நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். முதலில் அந்தச் சாமான்களை எடுக்கச் சொல்லப் போகிறேன். அப்புறம், கேட்டின் இரு பக்கமும் கொஞ்ச தூரத்துக்கு எந்த வண்டியும் நிற்கக் கூடாது. 108 வந்தால் உள்ளே திரும்ப வேண்டாமா? சண்டை வந்தாலும் சரி, கேட்கத்தான் போகிறேன்.