ஐந்தாண்டுக் கெடு

“தேதி முடிந்தால் கெட்டுப்போவதற்கு இது என்ன பால் பாக்கெட்டா சார்?” என்று அந்த விற்பனைப் பிரதிநிதி கேட்டார். “பலகை கெடாது, அதன் கணக்கு பழசாகிவிடும்” என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. சொன்னதில் தவறில்லை. ஆனாலும் உறுத்துகிறது.

டெண்டரில் அவர்களுடைய ஜிப்சம் பலகையைச் சேர்த்தபோது அதன் இ.பி.டி. (பொருளின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிட்டுச் சொல்லும், சரிபார்க்கப்பட்ட அறிவிப்பு) நடப்பில் இருந்தது. ஆர்டர் போடும் நேரத்தில் அதன் 5 ஆண்டுக் கெடு முடிந்துவிட்டது. புதுப்பித்தது சரிபார்ப்பாளரிடம் இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடும் என்றார் பிரதிநிதி. உள்வேலைக்காரர்கள் காத்திருக்கத் தயாராக இல்லை. பழைய தேதியிட்டு ஆர்டர் போடலாமே என்று ஒப்பந்ததாரர் தரப்பில் ஒருவர் யோசனை சொன்னார். அதை அங்கேயே வெட்டிவிட்டேன். பசுமைக் கட்டடச் சான்றான லீட்டின் 4-ஆம் பதிப்பு இதற்கான புள்ளிக்குக் கேட்பது இப்படி அறிவிப்புள்ள 20 பொருட்கள், குறைந்தது 5 உற்பத்தியாளர்கள். எங்கள் பட்டியலில் உபரியாக ஒன்றுகூட இல்லை. வாங்கும் நாளில் ஆவணம் நடப்பில் இருக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். வேறு நிறுவனத்தின் பலகைக்கு மாற்றினேன்.

மாற்றிய பலகையின் அறிவிப்பில் சதுர மீட்டருக்கான கரியமில அளவு கூடுதல். அது கையெழுத்திடும்போதே எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புள்ளிக்கு எண் கூடியதா குறைந்ததா என்பது கணக்கில்லை. செல்லுபடியாகும் ஆவணம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. கெடு வைத்ததற்கும் காரணம் உண்டு. ஜிப்சத்தைச் சுடும் உலையின் எரிபொருளை மாற்றினாலே பழைய எண் பொய்யாகிவிடும். அதைத் தொழிற்சாலைக்கு வெளியே இருக்கும் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

இந்தச் சமாதானத்தையும், கட்டுமானப் பொருட்களின் இ.பி.டி.க்கான ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 15804-ஏ கலைத்துவிடுகிறது. அடிப்படைத் தரவு பெரிதாக மாறவில்லையென்றால் 5 ஆண்டு கழித்தும் மறுகணக்கீடு தேவையில்லை, மறுசரிபார்ப்பு போதும் என்கிறது அது. அப்படியானால் அவர் கேட்டது வெறும் வியாபாரப் பேச்சில்லை.

அவர்களுடைய புதிய அறிவிப்பு வெளியானதும் திறந்து பார்த்தேன். ஏ1 முதல் ஏ3 வரையிலான, அதாவது மூலப்பொருள் எடுப்பதிலிருந்து தொழிற்சாலையில் உற்பத்தி முடியும் வரையிலான, கரியமில எண் பழையதை ஒட்டியே இருந்தது. மனம் சுருங்கியது. பிறகுதான் கவனித்தேன்: பழையது அந்தத் தரநிலையின் 2013 திருத்தத்தின்படி, புதியது 2019 திருத்தத்தின்படி. புதியதில் புதைபடிவ, உயிரிம, நிலப் பயன்பாட்டுக் கரியமிலம் தனித்தனி வரிகள். இரண்டையும் அருகருகே வைத்து ‘மாறவில்லை’ என்று சொல்வதே சரியில்லை. அதே காரணத்தால், மாற்றிய பலகை மோசம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. இது எனக்கு வசதியான முடிவு என்பதும் தெரிகிறது.

இப்போது டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கிறேன்: கெடு முடிந்து புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தால் சரிபார்ப்பாளரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை லீட் மதிப்பாய்வில் ஏற்பார்களா என்று உதவியாளர் கேட்டார். ஏற்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வரியை எடுக்கவில்லை.