டைகர் பார்பை ஜோடியாக வாங்காதீர்கள்

புதுச்சேரியின் வண்ணமீன் கடைகளில் பெரும்பாலும் ஜோடிக் கணக்கில்தான் விலை சொல்கிறார்கள். வாங்குபவரும் டைகர் பார்ப் ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, கௌராமி ஒரு ஜோடி, கப்பி இரண்டு ஜோடி என்று ஆசைப்பட்டதையெல்லாம் எடுத்து ஒரே தொட்டியில் விடுகிறார். சில நாட்களிலேயே ஏஞ்சலின் துடுப்பு குறைந்து, கப்பியின் வால் நார்நாராகக் கிழிந்துவிடுகிறது. பழி முழுவதும் டைகர் பார்ப் மீது விழுகிறது. அந்தப் பழி நியாயமற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தோனேசியாவைத் தாயகமாகக் கொண்ட இந்த மீன் கூட்டமாக வாழ்வது. கூட்டத்துக்குள் யார் மூத்தவர் என்ற போட்டி ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். காலையில் தொட்டியின் அருகில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தால், மூக்கு செக்கச்செவேலென்று சிவந்த இரண்டு ஆண் மீன்கள் ஒன்றையொன்று வட்டமிட்டு, பக்கவாட்டில் முட்டி, பிறகு எதுவுமே நடக்காததுபோல் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வதைக் காணலாம். பத்து மீன்கள் இருக்கும்போது இந்தச் சீண்டல் பத்துக்குள்ளும் பகிரப்படுவதால் எந்த ஒன்றுக்கும் பெரிய காயம் ஏற்படுவதில்லை. இரண்டே மீன்கள் இருந்தால், மெதுவாக நீந்தும், நீண்ட துடுப்புள்ள அண்டை மீன்களின் பக்கம் அது திரும்பிவிடுகிறது.

லாஸ்பேட்டையில் என் அக்கா மகன் வைத்திருந்த தொட்டியில் இதைக் கண்கூடாகக் கண்டேன். கௌராமிக்கு வயிற்றடியில் நூல்போல் இரண்டு நீண்ட துடுப்புகள் உண்டு. அவற்றால் தடவித் தடவித்தான் அது தன் சுற்றுப்புறத்தை அறிகிறது. அவற்றில் ஒன்று அடியோடு கடிக்கப்பட்டிருந்தது. அந்த மீன் ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கி, தீனிக்குக்கூட வெளியே வரவில்லை. “மாமா, இந்தப் பார்பைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடட்டுமா?” என்று கேட்டான். கொடுக்க வேண்டாம், இன்னும் எட்டு வாங்கு, ஏஞ்சலையும் கௌராமியையும் கப்பியையும் வேறு தொட்டிக்கு மாற்று என்றேன். அப்படியே செய்தான், இப்போது அந்தத் தொட்டியில் பார்ப்கள் தமக்குள் துரத்திக்கொள்கின்றனவே தவிர, உடனிருக்கும் மீன்களைத் தொடுவதில்லை.

உடன் விடும் மீன்கள் வேகமாக நீந்துபவையாகவும் குட்டைத் துடுப்புள்ளவையாகவும் இருக்க வேண்டும். சீப்ரா டேனியோவும் ரோசி பார்பும் நன்றாகப் பொருந்தும். சீப்ராவில் நீளத் துடுப்பு வகை ஒன்றும் விற்கப்படுகிறது, அதைத் தவிர்க்க வேண்டும். ஃபைட்டர் மீனை இவற்றோடு விடவே கூடாது. விடோ டெட்ரா, செர்ப்பே டெட்ரா ஆகியவையும் துடுப்பு கடிப்பவையே. கூட்டமாக வளர்த்தால் அவையும் பெரும்பாலும் அடங்குகின்றன. கேரள ஆறுகளைச் சேர்ந்த குள்ளப் பஃபர் மீனுக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது. பார்க்க இரண்டரை சென்டிமீட்டர்தான், ஆயினும் அதற்குத் தனித் தொட்டியே ஏற்றது.

பத்து பார்ப்களுக்கு மூன்றடி நீளத் தொட்டி வேண்டும். ஒன்றரை அடி அகலமும் உயரமும் இருந்தால் அது விளிம்புவரை ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். ஓரங்களில் வாலிஸ்னேரியா போன்ற செடிகளை அடர்த்தியாக வைத்து நடுவில் நீந்த இடம் விட்டால், துரத்தப்படும் மீன் பார்வையிலிருந்து மறைந்துகொள்ள முடியும். மற்ற மீன்கள் தொட்டியில் பழகிய பிறகு, பார்ப்களைக் கடைசியாக, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் விடுவது நல்லது; முன்னதாகவே குடியேறிவிட்டால் தொட்டி முழுவதும் தமதென்று உரிமை கொண்டாடும். பசியும் கடிப்பதைக் கூட்டும் என்பதால், ஒரே வேளையில் அள்ளிப் போடாமல் காலையும் மாலையும் சிறிது சிறிதாகத் தீனி கொடுக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரக் காலத்தில் நம் ஊரில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடுவதுண்டு. வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மின்வெட்டு வந்தால் பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும்.

ஏற்கெனவே கடிபட்ட மீனைத் தனியாக மாற்றி, குளோரின் நீக்கிய நீரால் கால் பங்கை அடிக்கடி மாற்றிவந்தால், துடுப்பின் அடிப்பகுதி சேதமடையாதவரை அது சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். புதிதாக வளரும் பகுதி முதலில் நிறமின்றிக் கண்ணாடிபோல் தெரியும், அது நோயன்று. கிழிந்த ஓரத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் படர்ந்தாலோ சிவந்து அரித்துக்கொண்டே போனாலோதான் மருந்து தேவை.