சான் பிரான்சிஸ்கோவில் வால்டர் லேண்டரைத் தேடி

சான் பிரான்சிஸ்கோ போகிறவர்கள் கோல்டன் கேட் பாலத்தையும் கேபிள் காரையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நானும் பார்த்தேன், இரண்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னை எழுத வைத்தது, துறைமுகக் கரையில் ஒன்பதாம் எண் படகுத்துறையில் நிற்கும் கிளாமத் என்ற பழைய படகு. லேபிள்களும் நிறுவனச் சின்னங்களும் வடிவமைத்த வால்டர் லேண்டரின் அலுவலகமாக இருந்தது அது. நகரைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி, "அது ஒரு பழைய படகு" என்று சொல்லிவிட்டு நண்டுக் கடைகளைப் பற்றிப் பேசப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் செலவு. விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார் ஓட்டுநர், கட்டணத்தோடு பாலத்துச் சுங்கம் என்று ஒரு தொகையைச் சேர்த்தார். நகர மையம் வரை வழியில் சுங்கம் வசூலிக்கும் பாலம் ஒன்றுகூட இல்லை! வாக்குவாதம் செய்தும் பாதிதான் திரும்பக் கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் பார்ட் ரயிலில் வாருங்கள். எம்பார்கடேரோ நிலையத்தில் இறங்கினால் கரை பக்கத்திலேயே இருக்கிறது.

1924-இல் கட்டப்பட்ட கிளாமத், வளைகுடாவில் கார்களை ஏற்றிச் சென்ற படகு. ரிச்மண்ட்–சான் ரஃபேல் பாலம் 1956-இல் திறக்கப்பட்டதும் வேலையிழந்தது. 1964-இல் அதை வாங்கி, அப்போது ஐந்தாம் எண் படகுத்துறையில் நிறுத்தி, தன் வடிவமைப்பு அலுவலகமாக்கியவர் வால்டர் லேண்டர்.

மியூனிக்கில் 1913-இல் பிறந்த யூதர் அவர். தந்தை கட்டடக் கலைஞர். லண்டனில் படித்து, 1935-இல் மிஷா பிளாக், மில்னர் கிரே என்ற வடிவமைப்பாளர்களுடன் ஒரு வடிவமைப்பு நிறுவனம் தொடங்கினார். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியின் பிரிட்டிஷ் அரங்குக்காக அமெரிக்கா வந்தவர், சான் பிரான்சிஸ்கோவைப் பார்த்து மயங்கி இங்கேயே தங்கிவிட்டார். 1941-இல் மனைவி ஜோசஃபினுடன் தங்கள் வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். ஆரம்பத்தில் பீர், ஒயின் லேபிள்கள். தனக்குப் பிடித்த வடிவத்தை மேஜையில் வரைந்து கொடுத்துவிடும் ஆள் இல்லை அவர். கடைகளுக்கே போய், பொருளைக் கையில் எடுப்பவர்களிடம் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டவர். பொருள் தொழிற்சாலையில் உருவாகிறது, பிராண்டு மனதில் உருவாகிறது என்பது அவர் கொள்கை.

படகின் எதிரே நான் நின்றிருந்தபோது ஒரு ஃபெடெக்ஸ் கூரியர் வண்டி கடந்தது. அதன் பெயரில் ஆங்கில ஈ எழுத்துக்கும் எக்ஸ் எழுத்துக்கும் நடுவே வெள்ளை இடைவெளியே அம்புக்குறியாக நிற்கும். 1994-இல் லேண்டர் நிறுவனத்தில் பிறந்த சின்னம் அது. பக்கத்தில் நின்றவரின் ஜீன்ஸில் இருந்த லீவைஸ் சின்னம், வௌவால் இறகு போல வளைந்தது, 1967-இல் இதே நிறுவனம் செய்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக நான் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தின் வாலில் இருக்கும் பறவையும் அவர்கள் கொடுத்ததுதான், 1972-இல். நம்மவர்கள் எத்தனை லட்சம் பேர் அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டே ஏறியிருப்பார்கள்! லேண்டர் பெயர் எந்த டிக்கெட்டிலும் இருக்காது. ஆனால் அவர் குடியேறி வாழ்ந்த நகரமுமா மறக்க வேண்டும்? இப்போது அந்தப் படகில் வேறு அலுவலகம் இயங்குகிறது. கரையோரம் நடந்து தேடியவரை அவர் பெயர் என் கண்ணில் படவில்லை. வழிகாட்டிகளுக்கு இரண்டு வரி சொல்லிக்கொடுத்தாலே போதும்.

சாப்பாடு: மிஷன் பகுதிக்குப் போய் பர்ரிட்டோ சாப்பிடுங்கள். சூடான சோள... இல்லை, கோதுமை ரொட்டிக்குள் சோறு, பீன்ஸ், வெண்ணெய்ப்பழம், காரச் சட்னி எல்லாம் சேர்ந்து அலுமினியத் தாளில் கனமாக வந்தது. பாதியை மதியமும் மீதியை இரவும் சாப்பிட்டேன். கரையோர உணவகங்களில் அதே காசுக்கு ஒரு கிண்ணம் சூப்தான்.

லேண்டர் 1995-இல் காலமானார். அவருடைய நிறுவனத்தின் பழைய வடிவமைப்புகளும் லேபிள்களும் வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்த முறை விமானச் செலவைப் பார்த்து விட்டுவிட்டேன். அடுத்த முறை பணம் சேர்த்துக்கொண்டு முதலில் அங்கேதான் போகப்போகிறேன்.