நாற்பது நிமிடச் சாட்சியம்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்தபோது, கொலை வழக்கில் குற்றவாளி என முடிவாகித் தண்டனை விசாரணைக்குக் காத்திருந்த ஒருவரை, ஓபி முடியும் நேரத்தில் காவலர்கள் அழைத்து வந்தனர். விலங்கின் மறுமுனை ஒரு காவலரின் கையில் இருந்தது. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் அந்தக் காவலரின் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொன்னார். நாற்பது நிமிடம் பேசி, "தற்போது தீவிர மனநோய்க்கான அறிகுறிகள் இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

சாட்சிக்கூண்டில் அரசு வழக்கறிஞர் கேட்டதோ வேறு: "டாக்டர், இவர் மறுபடியும் கொலை செய்வாரா, மாட்டாரா?"

சொல்ல இயலாது என்றேன். அது சரியான பதில்தான். ஆனால் வெளியே வந்தபோது, சிறுவயதில் தலையில் அடிபட்டு மகன் வலிப்புக்குச் சிகிச்சை பெற்ற பழைய மருத்துவமனைச் சீட்டை அவருடைய தாயார் நீட்டினார். சொல்லக்கூடியதை நான் கேட்டறியவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எதிர்காலத்தை அடித்துச் சொல்லும் சாட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமே சான்று. அங்கே ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர், தாமஸ் பேர்ஃபுட் என்ற கொலைக் குற்றவாளியை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமல், அரசுத் தரப்பு விவரித்ததை மட்டும் கேட்டுவிட்டு, அவர் மீண்டும் வன்முறையில் இறங்குவது நூறு சதவீதம் உறுதி என்றார். இத்தகைய நீண்டகாலக் கணிப்புகளில் மூன்றில் இரண்டு தவறிப்போகின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே எடுத்துரைத்தும், குறுக்கு விசாரணையில் உண்மை தெரிந்துவிடும் என்று நம்பிய உச்ச நீதிமன்றம் 1983இல் அச்சாட்சியத்தை ஏற்றது. மறு ஆண்டே பேர்ஃபுட்டுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆபத்தானவர் என்று இதே மருத்துவர் சாட்சி சொன்ன ராண்டால் டேல் ஆடம்ஸ், தீர்ப்பு ரத்தாகி 1989இல் விடுதலையானார். சங்கம் கிரிக்சனை நீக்கியது 1995இல்தான். மருத்துவர் உறுதியாகச் சொன்னால் அது அறிவியல் என்றே கேட்பவர் காதில் விழுகிறது. அதைக் குறுக்கு விசாரணையால் எளிதில் கரைத்துவிட முடியாது.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் பச்சன் சிங் தீர்ப்பு, மரண தண்டனை விதிக்க வேண்டுமானால் குற்றவாளி திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசே சான்றுகளால் நிறுவ வேண்டும் என்றது. மனோஜ் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், மரண தண்டனைக்குரிய வழக்குகளில் விசாரணைக் கட்டத்திலேயே மனநல மதிப்பீட்டைப் பெற வேண்டும் என்று வலியுறுத்தியது. காலம் கடந்து செய்யும் பரிசோதனையில் குற்றம் நடந்த நாளின் மனநிலை மங்கிவிடும் என்பதால், இதை நான் மனமார வரவேற்கிறேன்.

இப்போதெல்லாம் குறைந்தது மூன்று அமர்வுகள் கேட்கிறேன். பேச்சு காதில் விழாத தொலைவில் காவலரை நிற்கச் சொல்கிறேன். குடும்பத்தாரைச் சந்திக்காமல் கையொப்பமிடுவதில்லை. அறிக்கையின் கடைசி வரியாக, இவரது எதிர்கால நடத்தை குறித்து இதில் எதுவும் கூறப்படவில்லை என்று எழுதிவிடுகிறேன்.