விந்தணு வரும் வழியில் நின்றுபோனால்: எங்கள் மைக்ரோ டீசி அனுபவம்

விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எண்ணிக்கை பூஜ்யம். அதற்குக் கீழே 'உருண்டை செல்கள் காணப்படுகின்றன' என்று ஒரு வரி. பூஜ்யத்தைப் பார்த்த அதிர்ச்சியில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. முதல் டாக்டர் கவனித்தார், ஆனால் அது சீழ் செல், தொற்று என்று சொல்லி ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்துவிட்டார். அதை முடித்துவிட்டு மறுபடி பரிசோதித்தால் அதே பூஜ்யம், அதே உருண்டை செல்கள்.

இரண்டாவது டாக்டர்தான் சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னார். வெள்ளை அணுக்கள் இல்லை, முதிராமல் பாதியிலேயே வெளியே வந்துவிட்ட விந்து செல்கள் என்று தெரிந்தது. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச் ஹார்மோன் எனக்கு நார்மல், விரையின் அளவும் நார்மல். இப்படி இருந்தால் எங்கோ குழாய் அடைப்பு என்றுதான் பலரும் நினைப்பார்களாம், எங்களுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் உற்பத்தியே நடுவில் நின்றுபோயிருந்தது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அந்தப் பாதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 46 குரோமோசோம் 23 ஆவதற்கு முன்பே நின்றுவிட்டால் அந்த செல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 23 ஆன பிறகு, அதாவது ஸ்பெர்மாட்டிட் என்ற நிலைக்கு வந்து நின்றால் பேச இடம் உண்டு. அதிலும் உருண்டையாக இருப்பது ஒன்று, நீண்டு வால் முளைக்கத் தொடங்கியது இன்னொன்று.

விரையிலிருந்தே விந்தணுவைத் தேடி எடுக்கும் மைக்ரோ டீசி ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். அதற்கு முன் கேரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்ப்பது), ஒய் குரோமோசோம் டெஸ்ட் இரண்டும் எடுத்தார்கள். ஒய்யில் ஏ அல்லது பி பகுதி முழுதாக அழிந்திருந்தால் கத்தி வைப்பதே வீண், சி பகுதி என்றால் வாய்ப்பு இருக்கிறது என்று விளக்கினார்கள். எனக்கு எதுவும் அழியவில்லை. இந்த டெஸ்ட் எடுக்காமலேயே யாராவது ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்.

மைக்ரோ டீசி என்றால் மயக்க மருந்து கொடுத்து, விரையைத் திறந்து, மைக்ரோஸ்கோப்பின் கீழே சற்றுப் பருத்து வெளுப்பாகத் தெரியும் குழாய்களைத் தேடி எடுப்பது. எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. கிடைக்கும் விந்தணுவை முட்டைக்குள் செலுத்த வேண்டும் என்பதால் அன்றே மனைவிக்கும் முட்டை எடுக்கும் நாள். பதினோரு நாள் ஊசி போட்டுக்கொண்டு, வயிறு வீங்கி, என்னைவிட அவள்தான் அதிகம் பட்டாள் (வீட்டில் இதை என்னைத் தவிர வேறு யாரும் சொல்லவில்லை). எட்டு முதிர்ந்த முட்டைகள் கிடைத்தன.

நான் அரைத் தூக்கத்தில் இருந்தபோது, லேப்பில் கருவை உருவாக்கும் நிபுணரான எம்ப்ரியாலஜிஸ்ட் வந்தார். "முழு விந்தணு கிடைக்கவில்லை. நீண்ட ஸ்பெர்மாட்டிட் நாலு இருக்கிறது, உருண்டை நிறைய இருக்கிறது. என்ன செய்யலாம்?" என்றார். இந்தக் கேள்வி வரும் என்று அதுவரை யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது ஒன்றுதான். மனைவியும் மயக்கம் தெளிந்து தலை சுற்றலோடு உட்கார்ந்திருந்தாள். முட்டைகள் காத்திருக்காது, கையெழுத்து வேண்டும்.

உருண்டை செல்லை நேரடியாக முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறந்ததாக 1995லேயே அறிக்கை வந்திருக்கிறது. 2015ல் ஜப்பானிய டாக்டர்கள் 14 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஆனாலும் வெற்றி விகிதம் மிகக் குறைவு. உருண்டை செல்லையும் மற்ற செல்களையும் கண்ணால் பிரித்து எடுப்பதே கஷ்டம், முட்டையை எழுப்பிவிடும் சக்தியும் அதற்குப் போதாது, அதனால் செயற்கையாகத் தூண்ட வேண்டும். இன்னும் சோதனை நிலையில் இருக்கும் முறை என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். இதெல்லாம் அப்புறம் படித்தது. அன்றைக்கு அவர் சொன்னது இரண்டு வாக்கியம், எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம்.

நீண்டதை மட்டும் நாலு முட்டையில் செலுத்துங்கள், மீதி நாலை உறைய வையுங்கள் என்றோம். கால்சியம் கரைசல் வைத்து முட்டைகளைத் தூண்டினார்கள். இரண்டு கருவாகி, ஒன்று மூன்றாம் நாள் வரை தாக்குப் பிடித்தது. அதைக் கருப்பையில் வைத்தார்கள். பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ்.

எனக்கு வலி பத்து நாளில் சரியாகிவிட்டது. விரை ஆற ஆறு மாதமாவது விட வேண்டும் என்பதால் அடுத்த ஆபரேஷனை யோசிக்கவே நேரம் கிடைத்தது. இந்தத் தடவை ஒப்புதல் படிவத்தை ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி வந்துவிட்டோம். நீண்டது கிடைத்தால் செலுத்தலாம் என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு. எதுவுமே கிடைக்காவிட்டால் முட்டைகளை உறைய வைத்துவிட்டு, தானம் பெற்ற விந்தணு பற்றி நிதானமாகப் பேசுவது. உருண்டை மட்டும் கிடைத்தால் என்ற இடத்தில் அவள் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டாள். நான் இன்னும் எழுதவில்லை, படிவம் மேஜை டிராயரில் இருக்கிறது.